அடிச்சதை விடு, கயிற்றை ஏன் அவிழ்த்தே?

கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவருக்கு இடது காதில் ஒரு வண்டு குடியிருக்கிறது. அப்படித்தான் சொல்கிறார். பகலில் சத்தமில்லாமல் இருக்கும் வண்டு, ராத்திரி படுத்ததும் பாட ஆரம்பித்துவிடுமாம். வயது 58. பழவேற்காடு ஏரியைத் தவிர வேறு இடத்தில் சம்பாதித்தது கிடையாது. 2024 ஐப்பசியில் ஒரு விடியற்காலை, கூடப்பிறந்த தங்கையின் மகன் அவர் காதோடு சேர்த்து ஓங்கி அடித்தான். தாய்மாமன் மேல் மருமகன் கை வைத்துவிட்டான் என்று ஊரே பேசியது. காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டதும் அந்த அடியைத்தான்.

அவர் மட்டும் அடியைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதற்கு ஒரு மணி நேரம் முன்பு நடந்த வேறொன்றுதான் அவர் நெஞ்சில் கிடக்கிறது.

பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்களும் பல தலைமுறையாக அந்த இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தலைக்கட்டுக்குப் பங்கு, சீட்டுப் போட்டு இடம். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. எந்த சர்க்கார் புத்தகத்தையும் பார்த்து எழுதிய விதி கிடையாது. ஆனால், பாட்டை மீறியவனுக்கு ஊரில் மரியாதை இருக்காது.

அன்று பெரியவரின் முறை. முந்தின நாள் மருமகன் வந்து, “மாமா, நாளைக்கு உன் முறையை எனக்கு விட்டுக்குடு, என் முறையை நீ எடுத்துக்கோ. வட்டிக்காரன் கழுத்தை நெரிக்கறான்” என்று கேட்டிருக்கிறான். இவருக்கும் கடன்தான். “முடியாதுடா” என்று சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்து, ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கரையோரம் கட்டியிருந்த படகிலேயே வலையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். முறை நாளில் அவர் எப்போதும் அப்படித்தான் படுப்பார்.

கண் விழித்தபோது கரையைக் காணோம். நல்ல இருட்டு. தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வடியும் தண்ணீர் முகத்துவாரத்தைப் பார்த்து இழுக்கும். படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றே தெரியவில்லை. கோலை எடுக்கக் கையைத் துழாவினால், கோல் இல்லை. துடுப்பும் இல்லை. ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர், இறங்கி நடக்கலாம். ஆனால், முகத்துவாரத்துப் பக்கம் அப்படி நம்பி இறங்க முடியாது. செல்போன் டார்ச்சை ஆட்டி ஆட்டிக் கத்தியிருக்கிறார். கடைசியில் நண்டு வலைக்குப் போன ஒரு படகு பார்த்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. வரும் வழியில் அவர் வலை கட்ட வேண்டிய இடத்தைப் பார்த்தார். மருமகனின் வலை நின்றுகொண்டிருந்தது. அவருடைய கோலும் துடுப்பும் கரையில் பத்திரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

கரையில் மருமகன் நின்றான். இவர் போய்ச் சட்டையைப் பிடித்தார். அதை அவரே மறைக்காமல் சொல்கிறார். அவன் உதறிவிட்டுக் கோலைத் தூக்கினான். “அம்மாவோட அண்ணனா போயிட்டே, இல்லேன்னா மண்டையைப் பொளந்திருப்பேன்” என்றான். இவர் மறுபடி ஏதோ சொல்ல, கோலைக் கீழே போட்டுவிட்டுக் கையால் அடித்தான். ஒரே அடி. அதற்குள் நாலு பேர் வந்து விலக்கிவிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, “யார் அடிச்சது?” அடிதடி என்று வருகிறவர்களின் விவரத்தை ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் கோர்ட் வட்டாரத்தில் ‘ஏ.ஆர். காப்பி’ என்கிறார்கள். எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, எதால் அடித்தார், எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். பெரியவர், “தெரிஞ்சவருதான்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். செவிப்பறையில் சின்னக் கிழிசல். பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும் என்றார் டாக்டர். ஆனால், காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது, ஆறு வாரத்துக்கு ஏரியில் இறங்கக் கூடாது.

“ஆறு வாரமா?” என்று கேட்டார் பெரியவர். டாக்டர் தலையாட்டிவிட்டு, காயத்தின் தன்மை என்ற இடத்தில் ‘சிம்பிள்’ என்று எழுதினார்.

காவல் நிலையத்தில் ரைட்டர் நல்ல மனிதர்தான். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டார். படகு அவிழ்ந்த கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “படகு திரும்ப வந்துடுச்சில்ல? அப்புறம் என்னய்யா?” என்றார். “கையால அடிச்சதுதானே, சி.எஸ்.ஆர். போட்டுத் தரேன். நீயும் அவன் சட்டையைப் பிடிச்சியாமே? அவனும் ஒரு மனு குடுத்தா கவுன்டர் கேஸ் ஆயிடும், பாத்துக்கோ.” ஒரு மனு ரசீதோடு பெரியவர் வீடு திரும்பினார். அதில் படகும் இல்லை, கயிறும் இல்லை.

ரசீதைப் படித்ததும் மூத்த மகளுக்குக் கோபம் வந்தது. பொன்னேரியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள் அவள். வக்கீல்கள் கொடுக்கும் மனுக்களை அடித்து அடித்து, பிரிவு எண்கள் விரல் நுனியில் இருக்கும். அடிதடி என்றால் 294(பி), 323, 506(2) என்று பார்க்காமலே அடிப்பாள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும், அதே கெட்ட வார்த்தைக்கும் அதே அடிக்கும் அதே மிரட்டலுக்கும் 296(பி), 115(2), 351(3) என்று விரல்களைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. அந்த வேலையில்தான் ஒருநாள் புதிய சட்டப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தபோது, 129ஆம் பிரிவின் கீழே ஓர் உதாரணத்தைப் பார்த்திருக்கிறாள்.

ஒருவர் ஆற்றில் கட்டிவைத்த படகில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் வேண்டுமென்றே கட்டை அவிழ்த்துவிட, படகு நீரோட்டத்தோடு போகிறது. அவிழ்த்தவன் உட்கார்ந்திருந்தவரைத் தொடவே இல்லை. ஆனாலும், அவர் சம்மதம் இல்லாமல் அவர்மீது பலம் பிரயோகித்தவன் ஆகிறான். அவருக்குக் கெடுதலோ பயமோ எரிச்சலோ ஏற்படும் என்று தெரிந்தே செய்திருந்தால் அது குற்றம்.

“நைனா, உன் கதையை அப்படியே எழுதி வெச்சிருக்காங்க” என்றாள் மகள்.

“யாரு எழுதினது? நம்ம ஊர்க்காரங்களா?”

எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் கொடுத்த வரைவிலிருந்து பிறந்தது இந்திய தண்டனைச் சட்டம். 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 350ஆம் பிரிவில் இருந்த படகுதான் இப்போது 129ஆம் பிரிவுக்கு வந்து நிற்கிறது. எண் மாறியது, கயிறு மாறவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தியாவுக்கு இப்படி உதாரணம் சொல்லி எழுதிக் கொடுத்தவர்கள் தங்கள் நாட்டில் அப்படிச் செய்துகொள்ளவில்லை. இங்கிலாந்தில் இதை ‘அசால்ட்’, ‘பேட்டரி’ என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். உடனே அடி விழப்போகிறது என்று ஒருவரை நினைக்கவைத்தாலே முதலாவது. சம்மதமில்லாமல் மேலே கை வைத்தால் இரண்டாவது. இவை என்னென்ன என்று விளக்கும் சட்டப் பிரிவு அங்கே கிடையாது. நூற்றாண்டுகளாக நீதிபதிகள் தீர்ப்புத் தீர்ப்பாகச் சொல்லி வளர்த்த வரையறைதான். ஆறு மாதம் வரை சிறை என்ற தண்டனை மட்டும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. (பேட்டரி என்றதும் பெரியவர், “டார்ச்சுக்குப் போடறதா?” என்று கேட்டார். அன்று அவர் உயிரைக் காத்தது அதுதான்.)

கடைக்கு வரும் வக்கீல் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு, கோலைத் தூக்கிய கட்டத்துக்காக. கையைக் காலை ஆட்டி அடிக்கப்போவதாகப் பயமுறுத்தினாலே 130ஆம் பிரிவில் தாக்க முனைந்த குற்றம் வரும். வெறும் வாய்ச்சொல் மட்டும் போதாது. ஆனால், வாயிலிருந்து வரும் சொல், அந்தக் கையசைவுக்கு என்ன அர்த்தம் என்று காட்டிக்கொடுக்கும். 1669இல் இங்கிலாந்தில் ஒருவர் வாளின் பிடியில் கையை வைத்துக்கொண்டு, நீதிபதிகள் மட்டும் ஊரில் இல்லாதிருந்தால் உன்னைச் சும்மா விட மாட்டேன் என்ற மாதிரி பேசினாராம். இப்போது அடிக்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் அது தாக்க முனைந்ததாகாது என்றது நீதிமன்றம். “உன் அத்தை பையன் அதையேதான் சொல்லியிருக்கான்மா. அம்மாவோட அண்ணனா போயிட்டே, இல்லேன்னா பொளந்திருப்பேன்னு! முன்னூத்தம்பது வருஷத்து டிஃபென்ஸ்.” வக்கீலுக்கு ரசனை. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குக் கவலை ‘சிம்பிள்’ என்ற ஒரு சொல்லில் இருந்தது. கையால் அடித்த சாதாரணக் காயத்துக்கு 115(2): ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான். கயிற்றை அவிழ்த்ததற்கு 131: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டுமே போலீஸ் தானாகப் புலனாய்வு செய்ய முடியாத குற்றங்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ரைட்டர் ஏன் டீயோடும் ரசீதோடும் அனுப்பினார் என்பது இப்போது புரியும். ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது, படகை எழுதாமல் விட்டதுதான் குறை.

ஆனால், கொடுங்காயம் என்றால் கதையே வேறு. ஏழாண்டு வரை சிறை, எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். எது கொடுங்காயம் என்று 116ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. ஒரு காதின் கேட்கும் சக்தி நிரந்தரமாகப் போனால் கொடுங்காயம். கடுமையான வலியிலோ, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமலோ 15 நாள் இருந்தாலும் கொடுங்காயம். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

“ஆபீஸ்ல உக்காந்து எழுதறவருக்குக் காதுல தண்ணி போகக் கூடாதுன்னா பஞ்சை வெச்சுக்கிட்டு வேலைக்குப் போயிடுவாரு. எங்க நைனாவுக்கு வேலையே தண்ணியிலதானே சார்? ஆறு வாரம் வீட்ல இருந்தா அது எப்படி சிம்பிள்?” என்று கேட்டாள் மகள். வக்கீல் கொஞ்சம் யோசித்தார். வாதாடலாம் என்றார். படகில் உட்கார்ந்தபடியே வலை இழுக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அவ்வளவு பெரிய காயம் ஆகும் என்று தெரிந்து அடித்தானா என்றும் கேட்கும். சட்டையைப் பிடித்ததால் கோபமூட்டினார் என்று வந்தால், தண்டனை இன்னும் குறையும் பிரிவு ஒன்றும் இருக்கிறது. “வாதாடலாம்மா” என்று மறுபடியும் சொல்லிவிட்டு ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போனார். வக்கீல்கள் ‘வாதாடலாம்’ என்பதை இரண்டு முறை சொன்னால் என்ன அர்த்தம் என்று அந்தக் கடையில் வேலை பார்ப்பவளுக்குத் தெரியும்.

இதற்குள் ஊர் கூடிவிட்டது. பெரியவரின் தங்கை ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். தங்கையும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மருமகன் பாட்டை மீறி வலை கட்டியது தப்பு, மாமன் மேல் கை வைத்தது அதைவிடத் தப்பு, 5,000 ரூபாய் கோயில் கணக்கில் கட்ட வேண்டும், மாமன் காலில் விழ வேண்டும் என்று நிர்வாகிகள் சொன்னார்கள். அவன் விழுந்தான். நெடுஞ்சாண்கிடையாகவே விழுந்தான். சி.எஸ்.ஆரைப் பெரியவர் வாபஸ் வாங்கிக்கொள்கிறார் என்று ஒரு நிர்வாகி பேச்சை முடித்தார். பெரியவரின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் அவர். பாதிதான் காதில் விழுந்தது. இவர் உடம்பையே திருப்பி, வலது காதைக் காட்டி, “இன்னா சொன்னே?” என்று கேட்டார். அவர் திரும்பச் சொன்னார்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார் பெரியவர்.

இந்த இடத்தில் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது என்பது அவருக்கு அப்போது தெரியாது. சாதாரணக் காயத்தைச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவு சொல்கிறது. யார் முடிக்கலாம் என்பதற்கும் அங்கே ஒரு கட்டம் போட்டு எழுதியிருக்கிறது: காயம் பட்டவர். ஊர், உறவு, நிர்வாகம் எதற்கும் அந்தக் கட்டத்தில் இடமில்லை. ஆனால், நம் ஊர்களில் எத்தனை அடிகளை அடிபட்டவர் சார்பில் மற்றவர்களே மன்னித்திருக்கிறார்கள்! பெண்களைக் கேட்டால் ராமாயணமே சொல்வார்கள்.

பெரியவர் எழுந்து நின்றார். “அடிச்சதை நான் அப்பவே உட்டுட்டேன். கோவத்துல கை நீட்டறவன் மனுஷன்தான். நானும்தான் சட்டையைப் புடிச்சேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லச் சொல்லுங்க. என் கயித்தை அவுத்தது யாரு?”

மருமகன் தலையைக் குனிந்தபடியே, “முடிச்சு தானா அவுந்திருக்கும் மாமா” என்றான்.

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நாற்பது வருஷம் படகு கட்டியவனிடம் உன் முடிச்சு தானாக அவிழ்ந்தது என்று சொல்வது எப்படிப்பட்ட அவமானம் என்பது கரையில் வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். பெரியவர் அதற்குக் கோபப்படவில்லை. “சரிடா, முடிச்சு தானா அவுந்துச்சு. கோலும் துடுப்பும் தானா எறங்கிக் கரைக்கு நடந்து வந்துச்சா?” என்றார்.

பதில் இல்லை. “சின்னப் பையன் ஏதோ வெளையாட்டா…” என்று ஒரு நிர்வாகி ஆரம்பித்தார். சின்னப் பையனுக்கு 31 வயது, இரண்டு பிள்ளைகள். கூட்டம் கலைந்துவிட்டது.

அன்று ராத்திரி மகளிடம் பெரியவர் சொன்னாராம்: “அடிக்கறதுக்கு ஒரு நொடி போதும். கயித்தை அவுக்கறதுக்குக் குனியணும். நான் ரெட்டை முடிச்சு போட்டிருந்தேன், பனியில எறுகிக் கெடந்திருக்கும். நகத்தால நெம்பி எடுக்கணும். அதுக்கு முன்னாடி சத்தமில்லாம கோலை எடுத்து வெச்சிருக்கான். அவ்வளவு நேரமும் நான் படகுல தூங்கறது அவனுக்குத் தெரியும். அவன் பொறந்தப்ப சேனை தொட்டு வெச்சது இந்தக் கைதான்.”

மூன்று மாத தண்டனை கயிற்றுக்கு, ஓராண்டு அடிக்கு. சட்டத்தின் தராசு அப்படி. அவர் தராசில் தலைகீழாக இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து டாக்டர் பார்த்தபோது கிழிசல் முக்கால்வாசி மூடியிருந்தது. தை பிறந்தபோது முழுக்க மூடிவிட்டது என்றார். வண்டு மட்டும் போகவில்லை. கேட்கும் சக்தி கொஞ்சம் குறைந்திருக்கிறது, போகப்போகப் பார்க்கலாம் என்றார். பெரியவர் ஏரிக்குப் போகிறார். முறை நாளில் இப்போது படகில் படுப்பதில்லை. வீட்டில் படுத்து, அலாரம் வைத்து எழுந்து போகிறார். வலது காதை மேலே வைத்துப் படுத்தால்தான் அலாரம் கேட்கிறது.

ரைட்டர் இரண்டு தடவை போன் செய்து, வாபஸ் வாங்கிக்கிறியா என்று கேட்டார். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுக்க வேண்டிய மனுவை மகள் கடையிலேயே அடித்து வைத்திருக்கிறாள். முதல் பத்தியில் படகும் கயிறும் கோலும் இருக்கின்றன. அடி மூன்றாவது பத்தியில்தான் வருகிறது. அவர்தான் அந்த வரிசையைச் சொன்னார். கையெழுத்து மட்டும் போடவில்லை. இந்த மாதிரி வழக்குகளுக்குச் சம்பவம் நடந்ததிலிருந்து ஓராண்டுதான் கெடு, அதற்குப் பிறகு நீதிமன்றம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. கெடு, 2025 ஐப்பசி.

மாசி மாதத்தில் ஒருநாள் தங்கை வந்தாள். தூக்குச்சட்டியில் நண்டுக் குழம்பு. பேச்சில்லாமல் திண்ணையில் வைத்துவிட்டு நின்றாள். பெரியவர் சோறு போடச் சொல்லி, அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். காரம் தூக்கல் என்று சொல்லவும் செய்தார். அவள் மகன் பேச்சை எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. மனைவி சட்டியைக் கழுவி, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் கருவாட்டைப் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

தங்கை தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், உள்ளே திரும்பி மகளிடம் கேட்டார்: “ஐப்பசிக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு?”